டன்ஸ் ஊர்க்காரரும் டாட்டரல் பறவையும்

பாடம் ஏறாத மாணவனை ஆங்கிலத்தில் ‘டன்ஸ்’ என்று திட்டுவார்கள். இந்த வசவு ஒரு பேரறிஞரின் பெயரிலிருந்து வந்தது. ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ் 13ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் டன்ஸ் என்ற ஊரில் பிறந்தவர், பிரான்சிஸ்கன் துறவி. ஆக்ஸ்போர்டிலும் பாரிசிலும் இறையியல் கற்பித்து, 1308இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் மறைந்தார். வாதத்தின் கூர்மைக்காக அவருக்கு ‘நுண்மதி ஆசான்’ என்ற பட்டமே இருந்தது. ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு பொருள்களில் ஒன்றை ‘இது’ என்று தனித்து நிற்கவைப்பது எது என்று கேட்டவர் அவர். மெய்யியல் படிப்பவர்கள் இன்றும் அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

இருநூறு ஆண்டுகளில் காலம் மாறிவிட்டது. கிரேக்கத்தையும் செவ்வியல் லத்தீனையும் புதிதாகக் கற்றுவந்த மறுமலர்ச்சிக்கால அறிஞர்களுக்குப் பழைய தருக்கம் வெறும் மயிர்பிளப்பு வேலையாகப் பட்டது. அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களை ‘டன்ஸ் ஆட்கள்’ என்று கேலி செய்தார்கள். முதலில் வீண்வாதம் செய்பவரைக் குறித்த பெயர், போகப்போக எதுவும் ஏறாத மண்டையைக் குறிக்கலாயிற்று. 1535இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அதிகாரிகள் ஆக்ஸ்போர்டுக்குச் சோதனைக்கு வந்தார்கள். அப்போது ஸ்கோட்டஸ் நூல்களின் கிழிந்த தாள்கள் நியூ காலேஜ் முற்றமெங்கும் காற்றில் பறந்தன. இந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. அவரை மறுக்க வேண்டுமென்றால் முதலில் படித்திருக்க வேண்டும். கேலிக்கு அந்த உழைப்பு தேவைப்படவில்லை.

‘சில்லி’ என்ற சொல்லின் கதையும் ஏறத்தாழ இப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல்லுக்கு ‘அருள் பெற்றவர்’ என்று பொருள். அதன் உடன்பிறப்பான ‘ஸேலிக்’ ஜெர்மன் மொழியில் இன்றும் அந்தப் பொருளோடு வாழ்கிறது. ஆங்கிலத்திலோ அருள் பெற்றவர் கள்ளமற்றவரானார், கள்ளமற்றவர் இரங்கத்தக்கவரானார், 16ஆம் நூற்றாண்டில் அறிவில்லாதவராகவே ஆகிவிட்டார். ‘நின்னிஹாமர்’ என்று அதே நூற்றாண்டில் புழங்கிய வசவில் உள்ள ‘நின்னி’யும் ‘இன்னசென்ட்’ என்பதன் சிதைவாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. சூதுவாது அறியாதவனை மூடனாகப் பார்க்கும் கண் அந்தச் சமூகத்துக்கு இருந்திருக்கிறது.

பறவைகளையும் அது விடவில்லை. கப்பலில் வந்து இறங்கி, மாலுமிகளின் கைக்கு எளிதில் அகப்பட்ட கடற்பறவைக்கு ‘பூபி’ என்று பெயர். ஸ்பானிய மொழியில் மூடனைக் குறிக்கும் ‘போபோ’விலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். உப்புக்கொத்தி இனத்துச் சிறுபறவை ஒன்றுக்கு ‘டாட்டரல்’ என்று பெயரிட்டார்கள். அறிவு மழுங்குவதைச் சொல்லும் ‘டோட்’ என்ற வினையிலிருந்து பிறந்த பெயர் அது. மனிதன் கிட்டே வந்தாலும் ஓடாத அதை எளிதாகப் பிடித்துச் சமைத்தார்கள். எளிதில் ஏமாறும் மனிதனையும் டாட்டரல் என்றே அழைத்தார்கள். மனிதனைக் குறித்த வழக்கு மறைந்துவிட்டது. பறவைக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலையுச்சிகளில் டாட்டரல் இன்றும் கோடையில் கூடு கட்டுகிறது. பெட்டை முட்டையிட்டுவிட்டுப் பெரும்பாலும் போய்விடும். ஏறக்குறைய நான்கு வாரம் அடைகாப்பது சேவல்தான். காலடி ஓசை மிக அருகில் கேட்டாலும் அது முட்டைகளை விட்டு எழாமல் அப்படியே அமர்ந்திருக்கும்.