பின்சீட்டு பெல்ட் எச்சரிக்கை: பொறுப்பு யாருடையது?

காரின் பின்சீட்டில் இருப்பவர் சீட் பெல்ட் போட்டிருக்கிறாரா இல்லையா என்பதை விளக்காலும் ஒலியாலும் தெரிவிக்கும் அமைப்பே பின்சீட்டு பெல்ட் எச்சரிக்கை. பெல்ட்டைச் செருகும் பூட்டுக்குள் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கிறது. பெல்ட் பூட்டில் விழுந்ததா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். முன்சீட்டில் மெத்தைக்கு அடியில் எடையை உணரும் கருவியும் இருப்பதால், ஆள் இருக்கிறார், பெல்ட் போடவில்லை என்று கார் இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்கிறது. பின்சீட்டில் அது அவ்வளவு எளிதல்ல. சீட்டு மடங்கக்கூடியது, குழந்தை இருக்கை பொருத்துவார்கள், பயணப் பை, அரிசி மூட்டை, கோயிலுக்குக் கொண்டுபோகும் அண்டா எல்லாம் அங்கேதான் ஏறும். எடை இருந்தால் ஆள் இருக்கிறார் என்று கணக்கிட்டால், மூட்டைக்கும் சேர்த்துக் கார் கத்திக்கொண்டே வரும்.

அதனால் ஐ.நா.வின் 16ஆம் எண் வாகன விதிமுறை, பின்சீட்டில் ஆள் இருப்பதை அறியும் கருவியைக் கட்டாயமாக்கவில்லை. அந்த விதிமுறையை ஏற்ற நாடுகளில் 2019 செப்டம்பரிலிருந்து புதிய மாதிரிகளிலும், 2021 செப்டம்பரிலிருந்து புதிதாக விற்கப்படும் எல்லாக் கார்களிலும் பின்சீட்டு எச்சரிக்கை வந்தது. வண்டி கிளம்பும்போது எந்தெந்த பெல்ட் பூட்டியிருக்கிறது என்று விளக்குகள் காட்டும். ஓடும் வண்டியில் யாராவது பெல்ட்டைக் கழற்றினால் விளக்கோடு ஒலியும் எழும். 2025 ஜனவரியில் வெளியான அமெரிக்க விதியும் ஏறத்தாழ இதே போக்கில்தான் அமைந்தது: கிளம்பும்போது 60 விநாடி விளக்கு, நடுவழியில் கழற்றினால் குறைந்தது 30 விநாடி ஒலியும் விளக்கும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு விசித்திரம் உண்டு. தவறு செய்பவர் பின்னால் இருக்கிறார். செய்தி போவது முன்னால் இருப்பவருக்கு. எத்தனை பெல்ட் பூட்டியிருக்கிறது என்று கார் சொல்லும், எத்தனை பேர் ஏறினார்கள் என்பதை ஓட்டுநர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவருடைய செயலைப் பற்றி இன்னொருவரிடம் எச்சரிப்பது என்றால், பொறுப்பு யாருடையது? தன் உயிரைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை என்ன ஆகிறது?

உரிமைக் கேள்விக்கு ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் ‘சுதந்திரம் பற்றி’ என்ற நூலில் தந்த விடைதான் இன்றும் விவாதத்தின் தொடக்கம். பிறருக்குத் தீங்கு வராதவரை ஒருவருடைய நன்மைக்காகக்கூட அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றார் அவர். அதே நூலில் ஒரு பாலத்தை உதாரணம் காட்டுகிறார். உறுதியாக இடியப்போகும் பாலத்தில் ஒருவர் ஏறப்போகிறார், எச்சரிக்க நேரமில்லை என்றால் அவரைப் பிடித்து இழுக்கலாம். ஆற்றில் விழ வேண்டும் என்பது அவர் விருப்பமல்ல. விழுவது நிச்சயமில்லை, ஆபத்துக்கு வாய்ப்பு மட்டுமே இருக்கிறது என்றால், எச்சரிக்கலாமே தவிரத் தடுக்கக் கூடாது. ஒவ்வொரு பயணத்திலும் விபத்து நடப்பதில்லை. ஆகவே மில்லின் அளவுகோலில் பீப் ஒலி சரியான இடத்தில் நிற்கிறது. அது சொல்கிறது, கையைப் பிடிப்பதில்லை.

அமெரிக்கா ஒருமுறை கையைப் பிடித்துப் பார்த்தது. 1974ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில், முன்சீட்டில் இருப்பவர்கள் பெல்ட் போடாவிட்டால் எஞ்சினே கிளம்பாதபடி பூட்டு வைத்தார்கள். சீட்டில் மளிகைப் பையை வைத்தாலும், நாய் ஏறி உட்கார்ந்தாலும் வண்டி நகராது. மக்கள் கொதித்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரிலேயே பாராளுமன்றம் அந்தப் பூட்டைச் சட்டத்தால் நீக்கியது. அதோடு நிற்காமல், எட்டு விநாடிக்கு மேல் ஒலிக்கும் எச்சரிக்கையை அரசு கட்டாயமாக்கக் கூடாது என்றும் தடை போட்டது. மனச்சாட்சி எத்தனை விநாடி பேசலாம் என்று ஒரு பாராளுமன்றம் வரையறுத்தது அநேகமாக அப்போதுதான். அந்தத் தடை விலக 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் பின்சீட்டைப் பொறுத்தவரை, ‘என் உயிர், என் விருப்பம்’ என்ற வாதம் முதற்படியிலேயே சறுக்கிவிடுகிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி நின்றால், பெல்ட் போடாதவரின் உடல் அதே வேகத்தில் முன்னே பாயும். சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுபவர் தரையைத் தொடும் வேகம் அது. பின்னால் இருப்பவர் பாய்வது முன்சீட்டின் முதுகில். அந்தச் சீட்டில் பெல்ட்டோடு ஒருவர் இருக்கிறார். ஜப்பானிய விபத்துகளை ஆராய்ந்து 2002இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு, பின்னால் இருப்பவர் பெல்ட் போடாதபோது, முன்னால் பெல்ட் போட்டிருப்பவர் இறக்கும் ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுகிறது என்று கண்டது. விதியை முழுக்கக் கடைப்பிடித்தவர், கடைப்பிடிக்காதவரின் எடையால் சாகிறார். மில்லின் கொள்கையிலேயே இது பிறருக்குச் செய்யும் தீங்கு. முன்சீட்டில் பெல்ட் போடாதவருக்காவது மில்லின் பெயரைச் சொல்லிக் கொஞ்சம் வாதாட இடமுண்டு. பின்சீட்டுக்காரருக்கு அந்த இடமும் இல்லை.

அடுத்த கேள்வி இன்னும் நுட்பமானது. ஒலிக்குப் பணிந்து பெல்ட் போடுபவர் நல்ல செயல் செய்தவர் ஆவாரா? பிரெஞ்சுச் சிந்தனையாளர் புரூனோ லத்தூர் 1992இல் எழுதிய ஒரு கட்டுரையை இதில்தான் தொடங்குகிறார். ஒரு காலையில் எரிச்சலோடு, பெல்ட் போடாமல் சட்டத்தை மீறுவது என்று முடிவெடுத்து வண்டியை எடுக்கிறார். விளக்கு எரிகிறது, ஒலி கத்துகிறது. ஒழுக்கம் இருப்பது என்னிடமா, காரிடமா என்று கேட்கிறார். பொருள்களிடம் நாம் ஒப்படைத்துவிட்ட ஒழுக்கத்தையும் கணக்கில் சேர்த்தால்தான் சமுதாயம் எப்படி நிலைத்து நிற்கிறது என்பது விளங்கும் என்பது அவர் கருத்து.

இமானுவல் காண்ட் இதை ஏற்றிருக்க மாட்டார். விவரம் தெரியாத வாடிக்கையாளரிடமும் நியாய விலை வாங்கும் கடைக்காரர், வியாபாரம் கெடக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்தால், அந்தச் செயல் கடமைக்கு ஒத்திருக்கிறது, கடமை உணர்விலிருந்து பிறக்கவில்லை என்பது 1785இல் அவர் செய்த பாகுபாடு. இரைச்சல் தாங்காமல் பூட்டப்படும் பெல்ட்டும் அந்தக் கடைக்காரரின் நேர்மைதான். அரிஸ்டாட்டில் வழி வேறு. நியாயமான செயல்களைச் செய்து செய்தே மனிதர் நியாயமானவர் ஆகிறார், நல்ல சட்டம் குடிமக்களைப் பழக்கத்தால் நல்லவர்களாக்குகிறது என்றார் அவர். பெல்ட் விஷயத்தில் அரிஸ்டாட்டிலின் பக்கமே வலுவானது. அதற்குச் சோதனையும் எளிது: எச்சரிக்கை எதுவுமில்லாத பழைய டாக்சியில் ஏறியதும் கை தானாகப் பெல்ட்டைத் தேடினால், ஒலி தன் வேலையை முடித்துவிட்டது என்று பொருள்.

தேடாத கைகளும் உண்டு. பெல்ட் போடாமலே ஒலியை நிறுத்துவதற்காகப் பூட்டில் செருகும் போலிக் கொக்கிகள் இந்தியாவில் தாராளமாக விற்றன. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவிட்டதில், இத்தகைய 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. சோம்பலால் பெல்ட் போடாதவருக்கும், காசு கொடுத்துக் கொக்கி வாங்கிச் செருகுபவருக்கும் வேறுபாடு உண்டு. முன்னவர் நல்லது இன்னதென்று அறிந்தும் செய்யாத பலவீனர். பின்னவர் திட்டமிட்டுக் காரிடம் பொய் சொல்கிறார், அந்தப் பொய்யை நம்பி ஓட்டுவதோ இன்னொருவர்.

‘விதி முடிந்தால் பெல்ட் காப்பாற்றுமா?’ என்பது தமிழ்நாட்டில் அடிக்கடி காதில் விழும் மறுப்பு. திருக்குறளில் ‘ஊழ்’ ஓர் அதிகாரம் என்றால் ‘ஆள்வினையுடைமை’யும் ஓர் அதிகாரம்; தளராமல் முயல்பவர் விதியையும் பின்வாங்கச் செய்வார் என்று பின்னது முடிகிறது. அந்த அளவுக்குப் போகவும் தேவையில்லை. புதுக் கார் வாங்கிய அன்றே சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியவர், வரப்போவதை முன்கூட்டியே தடுக்க முடியும் என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர். விதிவாதம் அவருக்குப் பெல்ட்டின் முன்னால் மட்டும் நினைவுக்கு வருகிறது.

இந்தியாவில் இந்தப் பேச்சு சூடுபிடித்தது 2022 செப்டம்பர் 4ஆம் தேதி. மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில், சூர்யா ஆற்றுப் பாலத்தில் நடந்த விபத்தில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரியும் உடன் பின்சீட்டில் இருந்தவரும் இறந்தார்கள். இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை. முன்சீட்டில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பின்சீட்டிலும் எச்சரிக்கை வேண்டும் என்ற வரைவு விதியை மத்திய அரசு அந்த மாதமே வெளியிட்டது. சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி அந்த ஆண்டில் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அவர்களில் 8,384 பேர் ஓட்டுநர்கள், மீதி 8,331 பேர் பயணிகள். கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி.

இங்கேதான் செய்தி யாருக்குப் போகிறது என்பது வெறும் பொறியியல் விவரமாக இல்லாமல் அறக் கேள்வியாகிறது. நம் ஊர்க் கார்களில் பின்சீட்டு பெரும்பாலும் முதலாளியின் இடம், அதிகாரியின் இடம், வீட்டுப் பெரியவர் இடம். சம்பளத்துக்கு ஓட்டுபவர் கண்ணாடியில் பார்த்து, ‘ஐயா, பெல்ட் போட்டுக்கிடுங்க’ என்று ஒருமுறை சொல்வார். முறைப்பு வந்தால் மறுமுறை வாயைத் திறக்க மாட்டார். எச்சரிக்கை ஒலிக்கிறது, அதைக் கேட்பவருக்கு அதிகாரமில்லை, அதிகாரம் உள்ளவர் போனில் பேசிக்கொண்டிருக்கிறார். செய்ய முடியாததைச் செய் என்று ஒருவர்மேல் கடமையைச் சுமத்த முடியாது என்பது அறநெறியின் பழைய பாடம்.

சட்டமும் அதே ஓட்டுநரைத்தான் பிடிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பெல்ட் போடாமல் ஓட்டுபவருக்கும், பெல்ட் போடாத பயணிகளை ஏற்றிச் செல்பவருக்கும் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. பிரிட்டனில் பெரியவர்கள் பின்சீட்டில் பெல்ட் போடுவது 1991 ஜூலை முதல் கட்டாயம். அங்கே 14 வயது நிரம்பிய பயணி பெல்ட் போடாவிட்டால் பொறுப்பு அவருடையது. அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளைகளுக்கு மட்டுமே ஓட்டுநர் பொறுப்பு. நியாயம் இந்த இரண்டாவது ஏற்பாட்டில்தான் இருக்கிறது. 194பி பிரிவைத் திருத்தும்போது அபராதச் சீட்டைப் பின்சீட்டுப் பயணியின் பெயரிலேயே எழுத வழி செய்ய வேண்டும். எச்சரிக்கை ஒலியும் பின்சீட்டுக்குக் கேட்கும்படி அமைய வேண்டும்.