பழக்கமும் பொழுதும்

தீய பழக்கத்தை விடுவது மனத்திண்மையைப் பொறுத்தது என்பர். இது முழு உண்மையாகுமா? சப்பிரகமுவ மாகாணத்தின் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களிலுள்ள இறப்பர்த் தோட்டங்களை நோக்குவோம்.

அதிகாலையில் மரத்தடியில் நிற்கும் பால்வெட்டுத் தொழிலாளி, முந்திய வெட்டின் சரிவிலேயே பட்டையை மெல்லியதாகச் சீவுகின்றான். கத்தி ஆழ்ந்தால் மரம் காயமுறும். புதுப்பட்டை சீராக வளராது. இந்நுட்பத்தை அவன் கைக்கு அளித்தவை குறித்த வேளையும், குறித்த இடமும், இடையறாத பயிற்சியுமே. ஒன்றைச் செய்து செய்தே அதில் தேர்கின்றோம். நல்லொழுக்கமும் அவ்வாறே என்றார் அரிஸ்டாட்டில். இத்துணை ஒழுங்குடையோருள்ளும் சிலர் சம்பள நாள் மாலையில் தவறணையை நாடுகின்றனர் எனில், அவர்களுக்கு மனத்திண்மையே இல்லை என்பது எங்ஙனம் பொருந்தும்? அவர்தம் காலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு, மாலைக்கு இல்லை.

1927இல் இலங்கை வந்த காந்தியடிகள், மதுவை விடுமாறு தோட்டத் தொழிலாளரை வேண்டினார். அறிவுரை ஒருநாள் செவியில் விழுகின்றது. மாலைப்பொழுதோ நாள்தோறும் வருகின்றது. அப்பொழுது வெறுமையாயின் பழைய பழக்கமே மீண்டும் குடிபுகும். ஆதலின் அவ்வேளையை வேறொன்று நிரப்புதல் வேண்டும்: வாசிகசாலை, பந்தாட்டம், பஜனை, சம்பளம் பெற்ற அன்றே ஒரு சிறு தொகையைச் சேமிப்பில் இடுதல். இவை சிறியனவே, எனினும் மெல்லிய வெட்டே மரத்தை நெடுங்காலம் காக்கின்றது.

இதனால் தனிமனிதனின் பொறுப்பு நீங்கிவிடாது. கத்தியைப் பிடிப்பது அவன் கையே. ஆயினும், நெருக்கமான லயத்து அறையையும் தவறணையையும் தவிர வேறு போக்கிடம் அமைத்துக் கொடாத சமுதாயம், குடிப்பவனை மட்டும் பழிப்பது அறமாகாது.