ஆண்டிறுதியில் தலைமை பூண்டார் ஆராயத்தக்கது

ஆண்டு முடியுங்கால் சபைகளும் திருமடங்களும் தத்தம் வரவு செலவுகளைக் கணித்து அறிக்கை எழுதுதல் வழக்கம். நிகழ்ந்த விரிவுரைகள் இத்துணை, பயின்ற மாணாக்கர் இத்துணையர் என நலங்களே அவற்றில் நிரலாக நிற்கும். பொருட்கணக்கு அங்ஙனம் முடிக. தலைமை பூண்டான் ஒருவன் தன் தலைமையைத் தானே ஆராயுங்கால் எதனை முதற்கண் நோக்குதல் வேண்டும் என்பதே ஈண்டு எம்மால் ஆராயப்படுவது.

ஒருவன் செய்த வினை அவனையன்றிப் பிறனைச் சாராது என்பது நம் சித்தாந்தத் துணிபு. அற்றேல், ஏவலாளர் செய்த பிழைக்குத் தலைவன் உளங்கவல்வது எற்றுக்கு என வினவுவர் ஒரு சாரார். அனைத்தும் அவன் செயலாதலின் தலைவனுக்கெனப் பொறுப்பு யாது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு வினாக்கட்கும் புகழ்ச்சோழ நாயனார் வரலாற்றிலிருந்து விடை காணலாம். அதனைப் பாடிய சேக்கிழார் பெருமான் தாமும் 12-ஆம் நூற்றாண்டில் அனபாய சோழற்கு அமைச்சராய் நின்று ஆட்சிச் சுமையை அறிந்தவர் என்பதும் நினையற்பாலது.

கருவூரில் அச்சோழருடைய பட்டத்துயானை சிவகாமியாண்டார் ஏந்திச் சென்ற திருப்பூக்கூடையைப் பறித்துச் சிதறியது. எறிபத்தர் அவ்யானையையும் பாகரையும் வெட்டி வீழ்த்தினார். வெகுண்டு வந்த சோழர் நிகழ்ந்தது உணர்ந்து, இத்தண்டம் போதாதெனத் தம் வாளை நீட்டித் தம்மையும் கொல்லுமாறு வேண்டி நின்றார். பின்னொருகால், திறை செலுத்தாத அதிகன்மேற் சென்று வென்ற படைஞர் நிதிக்குவைகளோடு பகைவர் தலைகளையும் கொணர்ந்து அவர்முன் வைத்தனர். அக்குவியலுள் ஒரு தலையிற் சடை கண்டார் சோழர். வெற்றி முழுவதும் அக்கணமே அவர்க்குப் பழியாயிற்று. மைந்தனுக்கு முடிசூட்டுமாறு அமைச்சரைப் பணித்து, அத்தலையைப் பொற்கலத்தில் ஏந்தித் தீயுட் புகுந்தார்.

வெட்டியது அவர் கையன்று. ஆயினும் வினையாவது மனம் வாக்குக் காயம் என்னும் மூன்றானும் ஈட்டப்படுவது. ஏவிய வாக்கு அவருடையது. பகைவர் படையுள் அடியாரும் இருத்தல் கூடும் என முன்னரே எண்ணாத மனமும் அவருடையது. ஆகலின் வீரன் வினை வீரனோடு நிற்க, சோழர் ஏற்றது தம் வினையே என்க.

இனி இரண்டாம் வினா. சிவஞானபோதப் பத்தாஞ் சூத்திரம் இறைபணியில் வழுவாது நிற்பாரை மும்மலமும் பற்றா எனத் தெரிக்கும். அவன் செயல் என்னும் சொல் அந்நிலையினின்றார்க்கே உரியது. ஆண்டு முழுதும் யான் செய்தேன், எனது முயற்சி என நலங்களைத் தன்பால் எழுதிக்கொண்டவன், தீங்கு வந்துழி மட்டும் அதனைச் சிவன்பாற் சார்த்துவானாயின், அவ்விடத்து ஆணவமே தத்துவ வேடம் புனைந்து நிற்கின்றது.

இதனைப் பிறர்க்கு உரைக்கும் தகுதி எமக்குப் பெரிதில்லை. யாம் தலைமை பூண்டிருந்த ஒரு பாடசாலையில், காலை வகுப்பிற்குப் பன்முறை காலந்தாழ்த்து வந்த மாணாக்கன் ஒருவனை விதிப்படி நீக்குமாறு ஆசிரியர்க்கு எழுதினேம்; காரணம் வினவிலேம். விடியலில் நந்தவனத்திற்கு நீர் இறைக்கும் பணியை முன்னரே யாமே அவற்கு இட்டிருந்தேம், இட்டதனை மறந்தேம். அவ்வாண்டறிக்கையில், தேர்ச்சியுற்றோர் தொகை பெருகிற்று என்பதன்கீழ்க் கையொப்பமிட்டேம். உண்மை தெரிந்த பின்னரும், நீக்கியவர் ஆசிரியர் என்றும், அவனது ஊழ் என்றும் சில திங்கள் எம்மைத் தேற்றிக்கொண்டேம். புகழ்ச்சோழர் சடை கண்ட இடத்தைப் பாடஞ் சொல்லியபொழுது எமக்குக் குரல் எழவில்லை. பின் அவன் ஊர் சென்று பொறுக்குமாறு வேண்டினேம். அவன் வணங்கினான், மீண்டு பயில இசைந்திலன்.

தீப்புகுதல் நம்மனோர்க்கு விதித்ததன்று. குவியலுள் அத்தலையைக் காணுங் கண் நமக்கும் வேண்டப்படுவதே. ஆண்டறிக்கை எழுதுமுன் தலைமை பூண்டார் ஒரு நாழிகை தனித்திருந்து, தம் சொல்லாலும் மறதியாலும் வருந்தினார் யாவர் என எண்ணுக. எண்ணி, அவர்பாற் செல்லுக. அதன்பின் எஞ்சும் நலங்களையெல்லாம் இறைவன் திருமுன் வைத்து அமைக.

திருச்சிற்றம்பலம்.