கோபம் எங்கிருந்து வந்தது?

கோபம் எதனால் வந்தது என்பது கோபப்பட்டவருக்குத் தெரியும் என்றே நாம் அனைவரும் எண்ணுகிறோம். பிள்ளை பால் குவளையைத் தட்டிவிட்டது. தகப்பனார் கோபம் கொண்டு அடித்தார். காரணம் குவளை. இதில் ஐயம் என்ன என்று கேட்கலாம். ஐயம் இருக்கத்தான் செய்கிறது. குவளை கவிழ்வதற்குச் சற்று முன் அவர் எதைப் பார்த்துக் கொண்டிருந்தார் என்பதையும் கேட்க வேண்டும்.

1971-ஆம் ஆண்டில் டோல்ஃப் ஸில்மன் என்ற உளவியல் ஆராய்ச்சியாளர் அமெரிக்காவில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். சோதனைக்கு வந்தவர்களை முதலில் ஒருவர் சீண்டிக் கோபமூட்டினார். பிறகு சிலருக்குச் சாதாரணப் படமும், சிலருக்குக் குத்துச்சண்டைப் படமும், வேறு சிலருக்கு ஆபாசப் படமும் காட்டப்பட்டன. அதன்பின், சீண்டியவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்க அவர்களுக்கு வாய்ப்பளிக்கப்பட்டது. (மின்சாரம் உண்மையில் எவரையும் தாக்கவில்லை, அப்படி நம்ப வைத்திருந்தார்கள்.) மிகக் கடுமையாகத் தண்டித்தவர்கள் குத்துச்சண்டை பார்த்தவர்கள் என்றுதான் நாம் நினைப்போம். அல்ல, ஆபாசப் படம் பார்த்தவர்களே! அதில் அடிதடி எதுவும் இல்லை. ஆனால் உடலை அதிகம் கிளர்த்தியது அதுதான்.

நெஞ்சின் படபடப்பு, அதைக் கிளப்பிய காட்சி முடிந்தவுடன் அடங்குவதில்லை. மிச்சம் சிறிது நேரம் தங்குகிறது. 1975-இல் ஸில்மனும் அவருடைய சகாக்களும் செய்த மற்றொரு சோதனையில், சிலரைச் சைக்கிள் மிதிக்க வைத்து, வெவ்வேறு இடைவெளி விட்டுப் படம் காட்டினார்கள். மிதித்தவுடன் பார்த்தவர்கள், தம் படபடப்பு மிதித்ததால் வந்தது என்று அறிந்திருந்தார்கள். வெகுநேரம் கழித்துப் பார்த்தவர்களிடம் படபடப்பே மிஞ்சவில்லை. இடையில் பார்த்தவர்கள்தாம் ஏமாந்தார்கள். தாம் அடங்கிவிட்டதாக எண்ணினார்கள், உடல் அடங்கவில்லை. எனவே அந்தக் கிளர்ச்சி முழுவதையும் படத்தின் கணக்கில் எழுதினார்கள். நம் வீடுகளில் பால் குவளை கவிழ்வதும் பெரும்பாலும் இந்த இடைப்பட்ட நேரத்தில்தான்.

படம் பார்த்தவனெல்லாம் கத்தியைத் தூக்குவான் என்று சொல்பவர்களோடு நாம் சேரவில்லை. சீண்டல் ஒன்று இருந்தால்தான் மிச்சச் சூடு அதில் போய்ச் சேருகிறது. ஆனால் பிள்ளைகள் உள்ள வீட்டில் சீண்டலுக்கா பஞ்சம்? மேலும், ஆபாசத்தை விலக்கிவிட்டோம், ஆகவே நமக்குக் கவலையில்லை என்றும் இருந்துவிட முடியாது. கடைசி ஓவர் வரை இழுத்த கிரிக்கெட் ஆட்டமும், ஒருவரையொருவர் பேசவிடாத செய்தி விவாதமும் நெஞ்சைப் படபடக்க வைக்கின்றனவே!

இப்போது கேள்விக்கு வருவோம். கோபத்தின் பெரும்பகுதி வேறிடத்திலிருந்து வந்தது, வந்ததை அவர் அறியவும் இல்லை என்றால், அடித்த அடிக்கு அவர் பொறுப்பாளியா? ‘கோபத்தில் செய்துவிட்டேன்’ என்பது எல்லா வீட்டிலும் புழங்கும் சாக்கு. கோபத்தின்போது அவருக்குத் தம் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றியது உண்மைதான். தோன்றியதாலேயே அது நியாயமாகிவிடாது.

கோபமாக இருக்கும்போது தீர்ப்பளிக்கலாகாது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். இமாம் நவவீ (ரஹ்) போன்ற அறிஞர்கள் இதை விளக்கும்போது கோபத்தோடு நிறுத்தவில்லை. கடும் பசி, மிதமிஞ்சி உண்ட நிலை, கவலை, அளவு மீறிய மகிழ்ச்சி ஆகியவற்றையும் அதில் சேர்த்தார்கள். எங்கிருந்து வந்தது என்பதல்ல, உள்ளத்தின் நிலை குலைந்திருக்கிறதா என்பதே அவர்கள் பார்த்தது. குலைந்திருப்பவர் தீர்ப்பைத் தள்ளிப்போட வேண்டும்; அது காழியின் பொறுப்பு. வீட்டில் தாயும் தகப்பனும் நாளுக்குப் பத்துத் தீர்ப்பு வழங்குகிறார்கள். அவர்களுடைய பொறுப்பும், கை ஓங்குவதற்கு முன்பே, தள்ளிப்போடாத அந்த நொடியில் தொடங்கிவிடுகிறது என்றே நாம் கருதுகிறோம்.

கோபத்தைக் கொட்டிவிட்டால் தீர்ந்துவிடும் என்பாரும் உண்டு. பிராட் புஷ்மன் 2002-இல் சுமார் 600 மாணவர்களைக் கொண்டு செய்த சோதனையில், கோபமூட்டியவரை நினைத்து மணல் மூட்டை போன்ற பையைக் குத்தியவர்களின் கோபம்தான் கூடியிருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களிடம் அது குறைவாக இருந்தது. நின்றால் உட்காரவும், அப்போதும் தணியாவிட்டால் படுக்கவும் பெருமானார் (ஸல்) அவர்கள் காட்டிய வழியை நாம் அறிவோம். அது உடலுக்குக் கால அவகாசம் தருகிறது.

பிள்ளைக்கோ இந்தக் கணக்கு ஒன்றும் தெரியாது. அடி எவ்வளவு பலமோ, தன் தவறும் அவ்வளவு பெரிது என்றே அது எடுத்துக் கொள்கிறது. ஆட்டம் தோற்ற இரவில் மார்க் அட்டையை நீட்டினால், வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, சுபுஹுத் தொழுத பின் பிரித்துப் பார்க்கலாம்.