அட்வைஸா, ஆர்டரா?

பெரம்பலூர் நண்பர் போனில் கேட்டார்: "என் தங்கச்சி அரியலூர்ப் பையன் ஒருத்தனை விரும்புறா சார். நல்ல வேலை, கெட்ட பழக்கம் இல்லை. ஆனா, வேற சாதி. ஓர் அண்ணனா நான் என்ன அட்வைஸ் பண்றது?"

'கோபம் வந்தால் அவன் எப்படி நடந்துக்கிறான், உன் வேலையை, சம்பளத்தைப் பற்றி என்ன நினைக்கிறான்... நல்லா யோசிச்சுக்கோ' என்பது அட்வைஸ். 'மீறிப் போனா எனக்குத் தங்கச்சியே இல்லை' என்பது ஆர்டர். நம் வீடுகளில் அண்ணன்மார் தருவது பெரும்பாலும் இரண்டாவது சரக்குதான். லேபிளில் மட்டும் அட்வைஸ் என்று இருக்கும்.

லக்னோவில் அண்ணன் வீட்டில் இருந்து படித்தவர் லதா சிங். 2000-ல் வேறு சாதிக்காரரை விரும்பி மணந்தார். சகோதரர்கள் விடவில்லை. போலீஸ், வழக்கு, கணவரின் உறவினர்களுக்குச் சிறை. 2006-ல் சுப்ரீம் கோர்ட் அந்த வழக்கை ரத்து செய்தது. மேஜரான பெண் தன் விருப்பப்படி மணக்கலாம். பிடிக்காத பெற்றோர் அதிகபட்சம் உறவை முறித்துக்கொள்ளலாம், மிரட்டக் கூடாது என்றது.

சட்டம் அங்கே நின்றுவிடலாம். அண்ணன் நிற்கலாமா? உறவை முறிக்க உரிமை இருப்பதாலேயே அது நியாயம் ஆகிவிடுமா?

நான் பி.காம். படித்தவன். கணக்காகவே பார்க்கிறேன். இந்தக் கல்யாணத்தில் முதல் போடுவது தங்கை. லாபமோ நஷ்டமோ அவளுக்குத்தான். முதல் போடாதவர் யோசனை சொல்லலாம். கல்லாவைப் பூட்டக் கூடாது.

'சரி, அவன் மோசமானவனா இருந்துட்டா?' என்று கேட்பீர்கள். அப்போதுதான் அண்ணன் ரொம்பத் தேவை. கதவைச் சாத்திய அண்ணனிடம் கஷ்டத்தைச் சொல்ல எந்தத் தங்கையும் வர மாட்டாள். அடி வாங்கினாலும், 'நல்லா இருக்கேன்'னுதான் சொல்வாள். அதனால், அட்வைஸின் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: 'நீ என்ன முடிவெடுத்தாலும் இது உன் வீடு.' அதற்குப் பிறகு பையனைப் பற்றி எவ்வளவு கறாராக வேண்டுமானாலும் பேசுங்கள். அவள் காதுகொடுத்துக் கேட்பாள்.

பெரம்பலூரிலிருந்து அரியலூரை 2001-ல் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். 2002-ல் திரும்பச் சேர்த்தார்கள். 2007-ல் மறுபடி பிரித்தார்கள். போர்டுகள் மாறினவே தவிர, இரண்டு ஊருக்கும் நடுவே பஸ் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருக்கிறது. அண்ணன் செய்ய வேண்டியதும் அவ்வளவுதான்... பஸ்ஸை நிறுத்தாமல் இருப்பது.