அயலார் காத்த கற்கள்

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போனவர்களின் வீடுகளில் ஒரு பேச்சு அடிக்கடி எழும். நமக்குப் பிறகு இங்கே நம்முடையது என்று என்ன மிஞ்சும்? பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுவார்களா? பொங்கல் வைப்பார்களா? சிங்கப்பூரில் எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து அப்பா வந்து தங்கும் மாதங்களில் அது கொஞ்சம் உரக்கவே நடக்கும். அப்பாவுக்கு இது மனத்தை அரிக்கிற கவலை. என் கணவருக்கோ பிள்ளைகள் வாழும் மண்ணோடு ஒட்டி வளர்ந்தால் போதும். இருவர் பேச்சிலும் நியாயம் இருப்பதால் நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்து என்னை நகர்த்தியது சீனாவின் சுவான்சோ நகரத்திலுள்ள கடல் வரலாற்று அருங்காட்சியகம்.

சுவான்சோ தென்கிழக்குச் சீனத்தில், ஃபூஜியன் மாகாணக் கடற்கரையில் இருக்கிறது. சிங்கப்பூரின் ஹொக்கியன் சீனர்களில் பலருக்குப் பூர்வீகம் அந்த வட்டாரம்தான். எங்கள் மாடியில் எதிர்வீட்டில் இருக்கும் சீனப் பாட்டியின் தகப்பனார் அங்கிருந்து கப்பலேறி வந்தவர். அந்த ஊரில் உங்கள் சாமிகளின் சிலைகள் இருக்கின்றன, போய்ப் பாருங்கள் என்று முதலில் சொன்னவர் அவர்தான். அப்பா அன்றே பெட்டியை எடுத்துவிட்டார். பள்ளி விடுமுறை வந்ததும் ஐந்து பேரும் புறப்பட்டோம்.

நாங்கள் போய் இறங்கியது இன்றைய பரபரப்பான சீன நகரம் ஒன்றில். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அது உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. சோங் அரசு 1087-இல் அங்கே கடல் வணிக அலுவலகம் திறந்தது. மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் சைத்தூன் என்று எழுதிய பட்டினம் அதுதான். அரபு, பாரசீக வணிகரும் தமிழ் வணிகரும் அங்கே குடியிருந்தார்கள். 2021-இல் யுனெஸ்கோ அந்த நகரத்தின் பழைய இடங்களை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது.

முதலில் ஒரு பழைய கப்பலைப் பார்த்தோம். அது கைய்யுவான் பௌத்தக் கோயில் வளாகத்தில் ஒரு தனிக் கூடத்தில் கிடக்கிறது. 1974-இல் சுவான்சோ விரிகுடாவின் சேற்றிலிருந்து தோண்டி எடுத்தார்கள். மேற்பகுதி முழுவதும் போய்விட்டது; எஞ்சிய அடிப்பகுதி மட்டுமே 24 மீட்டர் நீளம். உள்ளே குறுக்குச் சுவர்கள் எழுப்பி 13 அறைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் தண்ணீர் அடுத்த அறைக்குப் போகாது, கப்பல் எளிதில் மூழ்காது. என் மகன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அறைகளை ஒவ்வொன்றாக எண்ணினான். பன்னிரண்டு தடுப்புச் சுவர் இருந்தால் பதின்மூன்று அறை வரும் என்று தாத்தாவுக்கே விளக்கினான்.

கப்பலில் கிடைத்த சரக்கைக் கேட்டால் நம் நாட்டு மருந்துக்கடைக்குள் நுழைந்தது போல இருக்கும். மிளகு, பாக்கு, குங்கிலிய வகைப் பிசின், சந்தனம், அகில். வாசனைக் கட்டைகள் மட்டும் 2,000 கிலோவுக்கு மேல். சோழிகளும் ஆமையோடும் இருந்தன. உடைமைக்காரர் பெயர் எழுதிய மரச்சீட்டுகளும், மாலுமிகள் ஆடிய சீனச் சதுரங்கக் காய்களும் கிடைத்தன. இருந்த காசுகளில் மிகப் பிந்தியது 1271-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆகவே தென்கடல் பயணம் முடித்துத் திரும்பிய கப்பல், துறைமுகத்தை எட்டிய நிலையில், அதற்குச் சில ஆண்டுகளுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். கப்பலின் அடிமரத்தின் மூட்டில் காசுகளையும் ஒரு வெண்கலக் கண்ணாடியையும் பதித்துவைத்திருக்கிறார்கள், பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று. அப்பா அந்த இடத்தை விட்டு வெகுநேரம் நகரவில்லை. கட்டுமரமோ விசைப்படகோ, கடலுக்கு அனுப்புகிற வீட்டார் மனம் எங்கும் ஒன்றுதான் என்பதை நாகைக்காரருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

கிழக்கு ஏரி பக்கத்திலுள்ள பெரிய அருங்காட்சியகத்துக்கு மறுநாள் போனோம். 1959-இல் தொடங்கிய நிறுவனம். அங்கே சமயக் கற்களுக்கென்று ஒரு கூடம். அரபி எழுத்துப் பொறித்த கல்லறைக் கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. தாமரைமேல் சிலுவை நிற்கும் கிறித்தவக் கற்கள், சிறகு விரித்த தேவதைகள். அவற்றைத் தாண்டிப் போனால் நம் ஊர்க் கோயில் பிராகாரத்தில் நிற்கிற உணர்வு வந்துவிடும். நரசிம்மர் இரணியனைக் கிழிக்கிறார். யானை லிங்கத்துக்குப் பூ சாத்துகிறது. தூண் தலைப்புகளும் மாடங்களும் தமிழ்நாட்டுக் கோயில் இலக்கணப்படி இருக்கின்றன. ஆனால் கல் அந்த ஊர்க் கல், உளியும் அந்த ஊர் உளி. முகங்களிலும் பூவேலையிலும் சீனக் கை நன்றாகத் தெரிகிறது. யானை வழிபட்ட தலமான திருவானைக்காவைப் பார்க்காத ஒரு சிற்பி, பார்த்த ஒருவர் சொல்லக் கேட்டு யானையையும் லிங்கத்தையும் செதுக்கியிருப்பார் என்றே எனக்குப் பட்டது.

இந்தக் கற்கள் இருந்த கோயில் எப்போது எழுந்தது என்பதற்கு அந்நகரில் கிடைத்த ஒரு தமிழ்க் கல்வெட்டு சான்று. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், அதாவது 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர் திருக்கதலீசுவரம் உடைய நாயனாரை எழுந்தருளுவித்ததாக அது சொல்கிறது. அதை அவர் செய்தது செகசை கானின் உடல்நலத்துக்காக, அந்தக் கானின் உத்தரவோடு. சீனத்தை அப்போது ஆண்ட குப்ளாய் கானையே அந்தப் பெயர் குறிக்கிறது என்று கருதுகிறார்கள். கீழே ஒரு வரி சீன எழுத்தும் இருக்கிறது. நான் இந்தச் செய்தியை முன்பே படித்திருந்தேன், எங்கும் கோயில் கட்டிய தமிழன் என்ற பெருமிதத்தோடு. கற்களுக்கு நடுவே நின்றபோது வேறொன்று என் மனத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த மனிதர் தனக்காக மட்டும் கோயில் எழுப்பவில்லை. அந்த மண்ணின் அரசனிடம் உத்தரவு பெற்றார். அந்த அரசன் நலமாயிருக்க வேண்டினார். அந்த ஊர்த் தச்சரை வேலைக்கு வைத்தார். வாழப் போன இடத்தில் வேர்விடுகிற ஒருவர் செய்யக்கூடியதில் இதைவிடக் கண்ணியமானது எனக்குத் தெரியவில்லை.

"இவங்கல்லாம் அப்புறம் எங்க போயிட்டாங்க தாத்தா?" என்று மகள் கேட்டாள்.

அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. யுவான் ஆட்சியின் கடைசியில், 1357 முதல் 1366 வரை சுவான்சோவைப் பெரிய கலவரம் உலுக்கியது. 1368-இல் ஆட்சியே மாறியது. பின்வந்த மிங் அரசு தனியார் கடல் வணிகத்தைத் தடுத்தது. கப்பல் வராத துறைமுகத்தில் வெளிநாட்டு வணிகருக்கு என்ன வேலை? கோயில் கலைந்தது. அதன் கற்கள் நகர மதிலுக்குள்ளும் வீட்டுச் சுவர்களுக்குள்ளும் போயின. இரண்டு தூண்கள் கைய்யுவான் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் இன்றும் கூரையைத் தாங்கி நிற்கின்றன. கண்ணன் மரங்களைச் சாய்க்கிற காட்சியும் கசேந்திர மோட்சமும் அவற்றில் இருக்கின்றன. மண்டபத்துக்குள் புத்தர்கள். அதே மண்டபத்தின் அடிப்பீடத்தில் சிங்கங்களும் மனிதமுகச் சிங்கங்களும் எழுபதுக்கு மேல்.

அப்பா வருத்தப்பட்டார். "கட்டினவன் பேரைச் சொல்ல ஒரு ஆள் இல்லையேம்மா. கல்லு மட்டும் இருந்து என்ன?" என்றார். அவருடைய கவலைக்கு அந்த மதிற்சுவரில் சான்றே கிடைத்துவிட்டது. "மாமா, கல்லு இருக்கே, அதுவே பெருசு" என்று என் கணவர் மெதுவாகச் சொன்னார்.

அந்தக் கல் எப்படி இருக்கிறது என்பதில்தான் எனக்கு விடை கிடைத்தது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சுவான்சோ மதிலை இடித்தார்கள். உடைத்த மதிலிலிருந்து எழுத்தும் சிற்பமும் உள்ள கற்கள் வெளியே வந்தன. கொத்தர்களுக்கு அவை வெறும் கட்டடக் கல். ஊ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். சொந்தக் காசு கொடுத்து வாங்கினார். வீட்டில் அடுக்கிவைத்தார். 1957-இல் சுவான்சோவின் சமயக் கற்களைப் பற்றி நூல் எழுதினார். தாம் சேர்த்த கற்களை நாட்டுக்கே கொடுத்துவிட்டார். அவர் அரபு நாட்டவர் அல்லர், தமிழரும் அல்லர். அந்தக் கற்களில் இருந்த எந்தத் தெய்வமும் அவர் வீட்டுத் தெய்வம் கிடையாது. தன் ஊருக்கு வந்துபோன யாரோ சிலரின் தடம் அழியக்கூடாது என்று ஒரு பள்ளி ஆசிரியர் நினைத்தார், அவ்வளவுதான். சம்பந்தப் பெருமாளின் கோயில் கற்களை இன்று நாம் பார்க்க முடிவதற்கு அவரைப் போன்றவர்களே காரணம். தமிழர் எவரும் அவர் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நகருக்கு வெளியே செதியன் என்றொரு கிராமம். அங்கே ஒரு சின்னக் கோயிலில் நான்கு கைகளோடு அமர்ந்திருக்கும் ஒரு தேவி, காலடியில் ஓர் அரக்கன். பார்த்தவுடன் நமக்கு அம்மன் என்று தெரிந்துவிடும். ஊர்க்காரர்களுக்கு அவள் குவான்யின், கருணைத் தாய். ஊதுவத்தி ஏற்றி, பழம் வைத்து வணங்குகிறார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அவருக்குப் பக்கத்தில் ஒரு கிழவி கும்பிட்டாள். இருவரும் ஒரே தெய்வத்திடமா வேண்டினார்கள் என்று நான் ஆராயவில்லை. மதிலில் புதைந்த கல்லையும் இந்தக் கல்லையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. நம்மவர் மட்டும் வணங்கியது நம்மவர் போனதும் கல்லாகிவிட்டது. அடுத்த வீட்டுக்காரரும் தமதாக எடுத்துக்கொண்டது, பெயர் மாறினாலும், எழுநூறு ஆண்டு கழித்தும் விளக்கோடு இருக்கிறது.

பெயர் மாறுவதை இழப்பு என்று அப்பா சொல்வார். ஆம், இழப்புதான். அதை மறுக்க எனக்கு மனமில்லை. அதே வட்டாரத்தில் அரபு, பாரசீக வணிகர் வழிவந்த திங் குடும்பத்தார் இருக்கிறார்கள். முகத்திலும் பேச்சிலும் முழுச் சீனர். ஆனால் முன்னோருக்குப் படைக்கும்போது பன்றி இறைச்சி வைப்பதில்லை. எல்லாவற்றையும் தொலைத்த பிறகும் இந்த ஒரு மரியாதையை மட்டும் கைவிடாமல் கொண்டுவந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கிறதில் எது நிற்கும் என்று நாம் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இது எனக்கு நல்ல சான்று. நிறையக் கொடுக்க வேண்டும், பிடுங்கிக்கொள்ளாமல் கொடுக்க வேண்டும். எது தங்கும் என்பதைக் காலம் பார்த்துக்கொள்ளும். என் மகளுக்குத் தமிழை நான் தொடர்ந்து கற்பிப்பேன். அதை அவள் தன் சீன, மலாய்த் தோழிகளிடம் ஒரு பாட்டாக, ஒரு கோலமாக, ஒரு கதையாகக் கொண்டுபோனால் இன்னும் மகிழ்வேன்.

இதில் இன்னொரு பாதி இருக்கிறது. சோழர் தூதர்கள் 1015, 1033, 1077 ஆண்டுகளில் சீனம் போனார்கள் என்பதை நாம் பெருமையாகச் சொல்வோம். சீனரும் நம்மிடம் வந்தார்கள். சுவான்சோவிலிருந்து கப்பலேறிய வாங் தாயுவான் 1349-இல் முடித்த பயண நூலில், நம் கரையில் மண்ணும் செங்கல்லுமாக எழுந்த ஒரு கோபுரத்தைக் குறிப்பிடுகிறார். 1267-இல் கட்டி முடிந்தது என்று அதில் சீன எழுத்தில் பொறித்திருந்ததாம். அந்த இடம் நாகப்பட்டினம் என்பது அறிஞர் கருத்து. ஐரோப்பியர் சீனக் கோபுரம் என்று அழைத்த ஒரு பழைய செங்கல் கோபுரம் 19-ஆம் நூற்றாண்டு வரை நாகையில் நின்றது. இரண்டும் ஒன்றே என்று கருதுவோர் உண்டு. அது 1867-இல் அரசு அனுமதியோடு இடிக்கப்பட்டது. அதன் செங்கல் வேறொரு கட்டடத்துக்குப் போயிற்று.

விடுதி அறையில் இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பொறந்ததுலேருந்து நாகையில இருக்கேன். அப்படி ஒரு கோபுரம் நின்ன இடத்த யாரும் எனக்குக் காட்டினதில்லையே" என்றார். அதன் பிறகு அவர் சுவான்சோக்காரர்களைக் குறை சொல்லவில்லை.

அயலூரில் நம் தடம் நிற்பது அயலாரின் கையில் இருக்கிறது. அப்படியானால் நம் ஊரில் அயலாரின் தடம் நம் கையில் இருக்கிறது. நாகைக் கடற்கரையில் இறங்கிய சீனன், பழவேற்காட்டில் புதைந்த டச்சுக்காரன், தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டேனிஷ்காரன், எல்லாருக்கும் எங்கோ ஒரு வீடும் பெயர் சொல்ல ஏங்கிய பெற்றோரும் இருந்திருப்பார்கள். நம் பிள்ளைகள் இன்று உலகமெங்கும் பரவியிருக்கிறார்கள். அவர்கள் விட்டுவைப்பதை நாளை யாரோ ஓர் ஆசிரியர் எடுத்து வைக்க வேண்டுமென்று விரும்புகிற நாம், அந்த வேலையை நம் தெருவில் தொடங்கியாக வேண்டும்.

உங்கள் ஊரிலும் எழுத்துப் புரியாத ஒரு கல்லோ, பராமரிப்பில்லாத ஒரு கல்லறையோ இருக்கும். அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். முள்ளை வெட்டுங்கள், படம் எடுங்கள், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள், கொத்தர் எடுத்துப் போகுமுன் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.