எதுக்கு சார் மாத்துறான்?

திருவண்ணாமலையில் செங்கம் சாலைப் பக்கம் ஒரு மெக்கானிக் ஷெட். மெக்கானிக்குக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தொழில் கற்றுக்கொண்டது அம்பாசிடரில். அவர் ஒரு புதுக் காரின் பானெட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு, உள்ளே தெரிந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

‘‘அந்தக் காலத்துல பானெட்டைத் தூக்கினாலே பாதி வியாதி தெரிஞ்சிடும் சார். இப்ப மூடிதான் தெரியுது. நாலு சிலிண்டர், நாலு பிஸ்டன்... அது அப்படியேதானே இருக்கு? வருஷா வருஷம் எதுக்கு சார் மாத்துறான்?’’

கேட்டது இன்ஜினைப் பற்றி. எனக்கென்னவோ வாழ்க்கையைப் பற்றிக் கேட்டது போலவே இருந்தது. பதில் சொல்ல முடியாமல் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். யோசித்துப் பார்த்ததை உங்களிடம் சொல்கிறேன்.

அவர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. 1876-ல் ஜெர்மனியின் நிக்கோலஸ் ஓட்டோ செய்து காட்டியது இதுதான்: காற்றையும் எரிபொருளையும் உள்ளே இழு, அழுத்து, வெடிக்க விடு, புகையை வெளியே தள்ளு. நாலே வேலை. நாலு சிலிண்டர் இருந்தால், ஒன்று இழுக்கும்போது இன்னொன்று அழுத்தும். ஒன்று வெடிக்கும்போது மற்றொன்று புகையைத் தள்ளும். எந்த நேரத்திலும் யாராவது ஒருவர் வடம் பிடித்துக்கொண்டிருப்பதால் தேர் நிற்காது. இந்த அடிப்படையில் இன்றைக்கும் மாற்றமில்லை. அப்படியானால் மாறுவதெல்லாம் எது?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் இரண்டு பேர் இரண்டு விதமாகப் பதில் சொன்னார்கள்.

ஒருவர் ஹென்றி ஃபோர்டு. 1908-ல் அவர் கொண்டுவந்த ‘மாடல் டி’ காரில் 2.9 லிட்டர், நாலு சிலிண்டர், 20 குதிரைசக்தி இன்ஜின். 1927 வரை ஏறக்குறைய அதே இன்ஜின்தான். ஒன்றரைக் கோடி கார்கள் விற்றன. ஆரம்பத்தில் 850 டாலராக இருந்த விலை, பிறகு 300 டாலருக்கும் கீழே இறங்கியது. ‘காரை மாற்றாதே, விலையைக் குறை’ என்பது அவர் கட்சி.

இன்னொருவர் ஆல்ஃப்ரட் ஸ்லோன். 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவரானவர். மனித மனத்தை அவர் வேறு விதமாகப் படித்திருந்தார். ஓடுகிற காரை வைத்திருப்பவன் ஏன் இன்னொரு கார் வாங்கப் போகிறான்? பக்கத்து வீட்டில் இந்த வருஷத்து மாடல் வந்து நின்றால் வாங்குவான். வருஷா வருஷம் புது மாடல் என்ற பழக்கம் அங்கேதான் வேரூன்றியது. கடைசியில் ஜெயித்தவர் ஸ்லோன். 1927-ல் ஃபோர்டு தன் மாடல் டி-யை நிறுத்திவிட்டு, புதுக் காருக்காகத் தொழிற்சாலையை மாதக்கணக்கில் மூட வேண்டிவந்தது.

நம் ஊரில் மூன்றாவது ரகம் ஒன்று நடந்தது. அதுதான் அம்பாசிடர்.

1958-ல் கொல்கத்தா அருகே உத்தர்பாராவில் இருந்து வர ஆரம்பித்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் இந்திய அவதாரம். இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனத்தின் 1,489 சிசி நாலு சிலிண்டர் இன்ஜின்தான் பல பத்தாண்டுகளுக்கு அதன் இதயம். மார்க் டூ வந்தது, மார்க் த்ரீ வந்தது, மார்க் ஃபோர், நோவா எல்லாம் வந்தன. முன்பக்க கிரில் மாறியது, விளக்கு மாறியது, டேஷ்போர்டு மாறியது. உள்ளே அதே இன்ஜின். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் வந்தபோதுதான் நிஜமான மாற்றம் என்று சொல்லும்படி ஒன்று நடந்தது.

நமக்கெல்லாம் அம்பாசிடர் மேல் ஒரு பாசம் உண்டு. கல்யாண ஊர்வலம், கலெக்டர் வண்டி, ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களை மீனம்பாக்கத்தில் இருந்து அழைத்துவந்த டாக்ஸி என்று எத்தனையோ ஞாபகங்கள். ‘மாறாமல் இருந்ததே, அதுதான் அழகு’ என்று சொல்லத் தோன்றுகிறது. கொஞ்சம் நிதானிப்போம். அது மாறாமல் இருந்தது கொள்கைக்காகவா? இல்லை. போட்டிக்கு ஆள் இல்லை. லைசென்ஸ் ராஜ்ஜியத்தில், பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் கார் வருமா வருமா என்று காத்திருந்தார்கள் ஜனங்கள். வாங்க வரிசை நிற்கும்போது எதற்கு மெனக்கெட வேண்டும்? நாம் மனஉறுதி என்று நினைத்தது பல சமயம் சோம்பலாகவே இருந்திருக்கிறது.

‘‘நான் முப்பது வருஷமா அப்படியேதான் இருக்கேன், மாறவே இல்ல’’ என்று மார்தட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு இது ஞாபகம் வரும். போட்டியே இல்லாத வீட்டில், எதிர்த்துப் பேச ஆளில்லாத இடத்தில், மாறாமல் இருப்பது ஒரு சாதனையா?

அப்படியானால் வருஷா வருஷம் மாற்றுவதுதான் சரியா? அதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. 1921-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி ஒன்றைக் கண்டுபிடித்தார். பெட்ரோலில் ஈயக் கலவை கொஞ்சம் சேர்த்தால் இன்ஜின் ‘டக டக’ என்று தட்டாது. அதிக சக்தியோடு ஓடும். இன்ஜினுக்கு அருமையான முன்னேற்றம். பழைய இன்ஜின்களின் வால்வுகள் சீக்கிரம் தேயாமல் இருக்கவும் அந்த ஈயம் உதவியது. ஆனால், புகையோடு வெளியே போன ஈயம் குழந்தைகளின் ரத்தத்தில் கலந்து, மூளை வளர்ச்சியைப் பாதித்தது. இந்தியாவில் 2000-ம் ஆண்டில்தான் ஈய பெட்ரோல் ஒழிந்தது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021-ல். நூறு வருஷம்!

காருக்குள் இருந்தவருக்கு அது முன்னேற்றம். காருக்கு வெளியே, ரோட்டோரம் விளையாடிய குழந்தைக்கு அது விஷம்.

எந்த மாற்றத்தையும் எடைபோட எனக்கு ஒரு வழி கிடைத்தது இங்கேதான். ‘இது புதுசா, பழசா?’ என்று கேட்பதில் புண்ணியமில்லை. ‘வெளியே நடந்து போகிறவருக்கு இதனால் என்ன ஆகும்?’ என்று கேட்க வேண்டும்.

இதைத் திருவண்ணாமலையில் நின்று யோசித்தால் இன்னும் நன்றாகப் புரியும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமியன்று லட்சக்கணக்கானவர்கள் வெறுங்காலோடு சுற்றுகிறார்கள். மற்ற நாட்களிலும் விடியற்காலையில் பெரியவர்கள், கர்ப்பிணிகள், குழந்தையைத் தோளில் சுமந்த அப்பாக்கள் நடக்கிறார்கள். அவர்களைத் தாண்டி ஒரு கார் போகிறது. காரில் இருப்பவர் காசு கொடுத்திருக்கிறார். நடப்பவர் மூச்சைக் கொடுக்கிறார்.

அந்தக் கண்ணோடு பாருங்கள். 2010-ல் சென்னை போன்ற நகரங்களுக்கும், 2017-ல் நாடு முழுவதற்கும் பாரத் ஸ்டேஜ் நான்கு. 2020 ஏப்ரலில் ஐந்தைத் தாண்டிக் குதித்து நேராக ஆறு. ஒவ்வொரு முறையும் இன்ஜினைத் திருத்த வேண்டியிருந்தது. கார்புரேட்டர் போய், எரிபொருளைத் துளித்துளியாக அளந்து பீய்ச்சும் இன்ஜெக்டர் ஏற்கெனவே வந்துவிட்டது. புகைக்குழாயில் சென்சார், நச்சுவாயுவைக் குறைக்கும் கருவி எல்லாம் சேர்ந்தன. கார் வாங்குகிறவர் ஷோரூமில் நின்று ரசிக்கிற அழகு இதில் எதுவுமில்லை. ஆனால், முன்பின் தெரியாத பாதசாரிக்காகச் செய்யப்பட்ட மாற்றம். கிரில்லை மாற்றியது பக்கத்து வீட்டுக்காரரின் பொறாமைக்காக. இது அவர் வீட்டுக் குழந்தையின் நுரையீரலுக்காக. இரண்டையும் ‘நியூ மாடல்’ என்ற ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். பிரித்துப் பார்ப்பது நம் வேலை.

நம்மையும்தான். ஜனவரி ஒன்றாம் தேதி புது டைரி, புது ஹேர்ஸ்டைல், புது போன். வீட்டில் கத்துகிற கத்தல் மட்டும் அதே 1,489 சிசி. நம் கோபத்தின் புகையைச் சுவாசிக்கிறவர்கள் நம் கூடவே நடக்கிறவர்கள்தான். அதைக் கொஞ்சம் குறைத்தால், வெளியே யாருக்கும் தெரியாது. வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

மறுபடி செங்கம் சாலைக்குப் போனபோது இதையெல்லாம் மெக்கானிக்கிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

‘‘புகை குறைஞ்சா நல்லதுதான் சார். நானும் கிரிவலம் சுத்துறவன்தான். ஆனா, பூட்டு மட்டும் எதுக்கு? அந்தக் கம்ப்யூட்டரைக் கம்பெனிக்காரன் மட்டும்தான் தொடணும்னா, நாங்க எங்க போறது? கத்துக்குடுத்தா கத்துக்கமாட்டமா?’’

எனக்குச் சுரீர் என்றது. வெளியே நடக்கிறவரைப் பார்க்கச் சொன்ன நான், வெளியே நிறுத்தப்பட்ட இவரைப் பார்க்கவில்லை. அவர் சொன்னது வெறும் புலம்பல் அல்ல. 2014 மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. அதே வருஷம் ஆகஸ்டில், இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தாராளமாகக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின.

இன்ஜின் சுத்தமாவதற்கு சென்சார் தேவை. பூட்டு தேவையில்லை. ஒரு நல்ல மாற்றத்தின் முதுகில் ஏறி இன்னொரு மாற்றமும் சத்தமில்லாமல் வந்துவிடுகிறது. முதலாவதை வரவேற்கிற அவசரத்தில் இரண்டாவதையும் சேர்த்துக் கும்பிட்டுவிடுகிறோம்.

கிளம்பும்போது பார்த்தேன். பெஞ்சில் எண்ணெய்க் கறை படிந்த ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சின்ன ஸ்கேனர். கடன் வாங்கி வாங்கியதாம். பேரன் பத்தாவது படிக்கிறான். சாயங்காலம் வந்து, திரையில் வரும் இங்கிலீஷ் எழுத்துகளைத் தாத்தாவுக்குப் படித்துச் சொல்கிறானாம்.

‘‘பாதி காருக்குத்தான் சார் இது பேசுது. மீதி காருக்கு வாயே தொறக்க மாட்டேங்குது’’ என்றார்.

அடுத்த முறை ஷோரூமில் புது மாடலைக் காட்டும்போது ‘என்ன மைலேஜ்?’ என்று கேட்பீர்கள். அதோடு இதையும் கேட்டுப் பாருங்கள்: ‘எங்க ஊர் மெக்கானிக் இதைத் தொறக்க முடியுமா?’